உடல்நோயும் மனநோயும் சேர்ந்த அண்ணனுக்கு மருத்துவமனை தேடுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். என் அண்ணனுக்குப் பல வருடங்களாக மனச்சிதைவு நோய். க்ளோசபின் மாத்திரையில் நன்றாகவே இருந்தார். இப்போது வயிறு உப்பி, வாந்தியும் வலியுமாக மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்.

பணியில் இருந்த மருத்துவர் பழைய மருந்துச் சீட்டைப் பார்த்ததும், “இவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்” என்று வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கொதித்துப்போனேன். க்ளோசபின் குடலின் இயக்கத்தையே மந்தமாக்கும். மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மனநல மருத்துவமனையில் கேட்டால், முதலில் உடம்பைச் சரிசெய்து அழைத்து வாருங்கள் என்கிறார்கள்.

இங்கே மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். இதை எடுத்துச் சொல்ல இங்கே மனநல மருத்துவர் இல்லை.

மதுரை, திருச்சிப் பக்கம் அறுவை சிகிச்சை நிபுணரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் இடம் எது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: மனநலப் பிரிவினர் வார்டுக்கே வந்து பார்த்தார்களா? இரவில் உடன் தங்க விட்டார்களா? அண்ணன் புது இடத்தில் தனியாக இருந்தால் மிரண்டுவிடுவார்.

உடல்நோயாளிக்குச் சமமான சிகிச்சை மனநோயாளிக்கும் உரிமை என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. அதைக் காட்டி எழுத்தில் கேட்டுப் பலன் கண்டவர்கள் உண்டா? இன்றிரவே மாற்ற நேரலாம். தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.