யூஎஸ்பி மோடம் ஃபயர்வாலில் டயல் ஆக மறுக்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கம்பிவழி இணையம் போனால் கைகொடுக்கட்டும் என்று ஒரு 4ஜி யூஎஸ்பி மோடத்தை, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் அடிப்படையிலான திறமூல ஃபயர்வாலில் செருகியிருக்கிறேன். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறேன்.

முதலில் அது மோடமாகவே தெரியவில்லை. விண்டோஸ் மென்பொருள் அடங்கிய சிடி டிரைவாகக் காட்டிக்கொண்டது. (எந்தப் புண்ணியவானின் யோசனையோ!) அதை மோடமாக மாற்றும் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் நிரலை ஓட்டியதும், இவ்வகை மோடங்களுக்கான யு3ஜி டிரைவர் பிடித்துக்கொண்டது, சியூஏயூ0.0 முதல் 0.2 வரை மூன்று சீரியல் போர்ட்டுகள் வந்தன. கடைசிப் போர்ட்டில் ஏடி என்ற மோடம் கட்டளையைத் தட்டினால் ஓகே என்று பதில் வருகிறது. சிம்மில் பின் பூட்டு இல்லை. சிக்னல் அளவு 31-க்கு 19, அது போதும். அதே சிம், அதே ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் இணைய நுழைவுப் பெயர்), கைப்பேசியில் ஒழுங்காக ஓடுகிறது.

ஆனால் பிபிபி (மோடம் வழி டயல் செய்யும் நெறிமுறை) இணைப்பில் *99# டயல் செய்தால் கனெக்ட் என்று வருகிறது, அப்புறம் இருமுனையும் இணைப்பு விவரங்களைப் பேசி முடிவுசெய்யும் எல்சிபி என்ற முதல் கட்டத்திலேயே நின்று டைம்அவுட் ஆகிவிடுகிறது. டேட்டாவுக்கு 0.0 போர்ட்டைத்தான் கொடுக்க வேண்டுமா? டயலுக்கு முன் மோடத்துக்குப் போகும் இனிட் ஸ்ட்ரிங்கில் சிஜிடிகான்ட் கட்டளையால் ஏபிஎன்னைத் தனியாக எழுதவேண்டுமா?

இன்னொரு தலைவலி: ரீபூட் செய்தால் மறுபடி சிடி டிரைவாகிவிடுகிறது. பூட் ஆகும்போதே தானாக மாற வைத்தவர்கள் யாராவது உண்டா?

ஈதர்நெட் கார்டு போலத் தெரியும் ஹைலிங்க் வகை மோடம் வாங்கினால் இந்தத் தொல்லையே இருக்காது, தெரியும். ஆனால் அதில் இரட்டை நாட் (மோடமும் ஃபயர்வாலும் தனித்தனியே ஐபி முகவரியை மாற்றுவது) வரும். வெளியிலிருந்து விபிஎன் போட வேண்டியிருப்பதால் தயங்குகிறேன். பிபிபி லாக் வேண்டுமென்றால் போடுகிறேன்.