மூன்று வயதுக் குழந்தையோடு புது நகரம்: எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

வணக்கம். கணவருக்கு வேலை மாற்றல். இரண்டு மாதத்தில் பெரிய நகரம் ஒன்றுக்குக் குடிபெயர்கிறோம். மகளுக்கு மூன்று வயது. இரண்டு பகுதிகளைப் பார்த்துவிட்டு வந்து, முடிவெடுக்க முடியாமல் முழிக்கிறோம்.

முதலாவது, அலுவலகத்துக்குப் பத்து நிமிட நடை. வீடும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலில் இறங்கினால் மெயின் ரோடு. நடைபாதை முழுக்க பைக்குகள்; தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கித்தான் நடந்தோம். ஒவ்வொரு பஸ் போகும்போதும் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவது, அமைதியான தெருக்கள், மரநிழல், நடக்கும் தூரத்தில் பூங்கா. மாலையில் நாலைந்து குழந்தைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு மனசு சாய்ந்துவிட்டது! இந்த வயதுக் குழந்தைகள் தினமும் 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், அலுவலகம் போக மட்டும் ஒரு மணி நேரம். அவர் வீடு திரும்புவதற்குள் மகள் தூங்கிவிடுவாள்.

சின்னக் குழந்தையோடு இடம் மாறியவர்கள் சொல்லுங்கள்: பயண நேரத்தை விட்டுக்கொடுத்தது பிறகு உறுத்தியதா? பகலில் மட்டும்தான் போய்ப் பார்த்தோம். இரவிலும் மழை நாளிலும் வேறு எதைக் கவனிக்க வேண்டும்? குழந்தை மருத்துவர், பள்ளி இரண்டில் எது பக்கத்தில் இருப்பது முக்கியம்? அப்புறம், முதலில் ஆறு மாதம் மட்டும் வாடகைக்கு இருந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா?