புதுப்பிப்பு: மிட்சைஸா, ஃபுல்சைஸா? வண்டி வாங்கிவிட்டேன்

4,500 பவுண்டு டிரெய்லரை இழுக்க மிட்சைஸ் (நடுத்தர அளவு) பிக்கப் வண்டி போதுமா, இல்லை அதைவிடப் பெரிய ஃபுல்சைஸ் வேண்டுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இழுவைத் திறனைப் பார்க்காதே, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து அங்கே ஒட்டியிருக்கும் பேலோட் ஸ்டிக்கரை, அதாவது ஆட்கள், சாமான், கொக்கியில் இறங்கும் எடை எல்லாம் சேர்த்து வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பதைப் பார் என்று ஒருவர் சொன்னதுதான் கண்ணைத் திறந்தது.

எனக்குப் பிடித்திருந்த மிட்சைஸில் 1,120 பவுண்டு என்று போட்டிருந்தது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் கொக்கி மேல் இறங்கும். 550 என்று வைத்துக்கொண்டேன். நாங்கள் நான்கு பேர் 620. சரி, பெட்டி படுக்கை ஏற்றும் முன்பே கணக்கு தாண்டிவிட்டது! இத்தனைக்கும் அது 6,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் வண்டி. ஃபுல்சைஸின் ஸ்டிக்கரில் 1,700.

அப்புறம் பிளைவுட். 4 அடி அகலப் பலகை மிட்சைஸில் சக்கர வளைவுகளுக்கு நடுவே இறங்கவே இல்லை. ஃபுல்சைஸில் அங்கே சுமார் 50 அங்குல இடம், தட்டையாகப் படுத்துக்கொண்டது.

ஆகவே ஃபுல்சைஸ்தான். கராஜில் பம்பருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண்கூட மிச்சமில்லை, தினமும் இறங்கிப் பார்த்துத்தான் கதவை மூடுகிறேன். டிரெய்லர் இல்லாதவர்கள் மிட்சைஸையே எடுங்கள்; ஓட்டிப் பார்த்தபோது நெரிசலில் அவ்வளவு சுகமாகத் திரும்பியது.