‘பேபேக் பீரியட்’: செலுத்துவது யார், யாருக்கு?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

முதலீட்டுத் திட்டங்களை ஏற்பதா தள்ளுவதா என்று நிறுவனங்கள் முடிவெடுக்கும் முறைகளுக்கான சொற்களில், ‘நிகர நிகழ்கால மதிப்பு’ (பின்னாளில் வரும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து போட்ட முதலைக் கழித்தால் நிற்பது) பற்றி எனக்கு மாறுபாடு இல்லை. இலங்கை நண்பர்கள் ‘தேறிய’ என்றும் ‘பெறுமதி’ என்றும் எழுதினாலும் பொருள் பிறழ்வதில்லை. எனக்கு இடறுவது, ‘பேபேக் பீரியட்’ என்பதற்குப் புழங்கிவரும் ‘திருப்பிச் செலுத்தும் காலம்’ என்ற தொடர்தான். இதற்கு மாற்றாக ‘மீட்புக் காலம்’ என்று முந்தைய மடலில் ஐயா ஒருவர் பரிந்துரைத்திருந்தார்.

ஒரு திட்டத்தில் போட்ட முதல், அத்திட்டம் ஆண்டுதோறும் ஈட்டித் தரும் நிகரப் பணவரவின் வழியாக முழுவதும் கைக்கு வந்துசேர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதே இங்குக் கருத்து. இதில் எவரும் எவருக்கும் எதையும் செலுத்துவதில்லை. பணம் உள்ளே வருகிறது. நம் தொடரோ அதை வெளியே அனுப்புகிறது.

அரிசி ஆலை ஒன்று 40 லட்சம் ரூபாய்க்குக் கலர் சார்ட்டர் (நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் எந்திரம்) வாங்குகிறது என்றும், அதனால் ஆண்டுக்கு 10 லட்சம் கூடுதலாகக் கையில் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். போட்ட முதல் 4 ஆண்டுகளில் வந்துவிடும். அதே எந்திரத்துக்கு ஆலைக்காரர் வங்கியில் வாங்கும் கடனின் தவணைக் காலம் 7 ஆண்டுகளாக இருக்கலாம். வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையைத் தமிழில் எழுதினால், ‘திருப்பிச் செலுத்தும் காலம்’ ஓரிடத்தில் 4 ஆண்டு, இன்னோரிடத்தில் 7 ஆண்டு என்று நிற்கும். படிப்பவர் எதை நம்புவார்?

மதிப்பிழந்த பழைய முறைதானே, சொல்லைப் பற்றி ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். முதல் வந்தபின் வரும் வருவாயை இம்முறை கணக்கில் கொள்வதில்லை என்ற குறை உண்மைதான். ஆயினும் ஜான் கிரகாமும் கேம்பல் ஹார்வியும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க, கனடிய நிறுவனங்களின் நிதித் தலைவர்கள் 392 பேரில் 56.7 விழுக்காட்டினர் இதை எப்போதும் அல்லது பெரும்பாலும் கையாள்வதாகக் கூறினர். நிகர நிகழ்கால மதிப்புக்குக் கிடைத்தது 74.9 விழுக்காடு. புழக்கத்தில் உள்ள முறைக்குப் பிழையற்ற பெயர் வேண்டும்.

முந்தைய மடலில் ஐயா பரிந்துரைத்த ‘மீட்புக் காலம்’ திசையைச் சரிசெய்கிறது. ஆனால் கடன்பத்திர மீட்பு, அடகு மீட்பு என்று நிதித்துறையிலேயே ‘மீட்பு’ வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘மீட்சி’ என்றாலோ பொருளாதார மந்தத்திலிருந்து எழுவது நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘முதல்மீள் காலம்’. கடை வைத்தவரிடம் கேட்டால் “போட்ட முதல் வந்துவிட்டது” என்பார். ‘முதலுக்கே மோசம்’ என்பதும் நம் வழக்கு. ‘முதலிலார்க்கு ஊதியமில்லை’ என்ற குறளிலும் (449) இதே பொருளில்தான் ‘முதல்’ வருகிறது. இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். பிரித்து எழுதினால் ‘முதலாவது மீள்காலம்’ என்று படிக்க இடமுண்டு; ஆகவே ‘முதல்மீள்’ என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். ‘மீள்பார்வை’, ‘மீள்குடியேற்றம்’ போன்றவற்றால் ‘மீள்’ என்பது ‘மறுபடியும்’ என்ற பொருள்தரும் முன்னொட்டாகிவிட்டதே என்பது மற்றது. இங்கு அது வினை, ‘முதல்’ அதன் எழுவாய். முதல் மீள்கின்ற காலம் என்று விரித்தால் ஐயம் எழாது.

பின்னாளில் வரும் பணத்தின் மதிப்பைக் குறைத்துக் கணிக்கும் வகைக்கு (‘டிஸ்கவுண்டட் பேபேக் பீரியட்’) பெயரிடுவதில்தான் எனக்கு இன்னும் நிறைவில்லை. மேற்சொன்ன ஆலைக்கு 12 விழுக்காடு வீதத்தில் அவ்வாறு கணித்தால் 4 ஆண்டு ஏறத்தாழ 5.8 ஆண்டாகிவிடும். இதற்குத் ‘தள்ளுபடி செய்யப்பட்ட திருப்பிச் செலுத்தும் காலம்’ என்று எழுதினால், விவசாயக் கடன் தள்ளுபடி அறிவிப்போ என்று ஆலைக்காரர் மகிழ்ந்துவிடக்கூடும். ‘நிகழ்மதிப்பு முதல்மீள் காலம்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் இருப்பின் அன்புகூர்ந்து எழுதுங்கள்.