லேமினார் கேபினட் வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தேனி, வாழைத் திசு வளர்ப்புக் கூடம்:

லேமினார் என்பது வடிகட்டிய காற்றை ஒரே சீராக வீசி, கிருமி விழாமல் வேலை செய்ய உதவும் பெட்டி. அதில் காற்று கிடைமட்டமாக வரும் கேபினட்டா, மேலிருந்து இறங்குவதா என்று புதிதாகக் கூடம் போடுகிறவர்கள் கேட்டிருந்தார்கள். ஜி-9 ரக வாழைக்கு எங்கள் அனுபவத்தில் கிடைமட்டம்தான். பின்பக்கத்தில் நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியிலிருந்து வரும் காற்று முதலில் குருத்தைத் தொடுகிறது, அப்புறம்தான் நம் கையை. மேலிருந்து இறங்கும் காற்றில், திறந்த பாட்டிலுக்கு மேலே கை நீண்டாலே கையிலிருந்து உதிர்வது உள்ளே விழும்.

காற்றின் வேகம் விநாடிக்கு 0.45 மீட்டர், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் வடிகட்டப்படும்: எந்த நிறுவனத்தின் விவரத்தாளை எடுத்தாலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரைக் கொண்டுவரச் சொல்லி, வடிகட்டி முகப்பின் நான்கு மூலையிலும் நடுவிலும் உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த பெட்டியில் நடுவில் எல்லாம் சரி; இடது கீழ் மூலையில் பாதி வேகம்கூட இல்லை. சண்டை போட்டுத்தான் வேறு பெட்டி வாங்கினோம். அதிலும் கிருமி விழுந்தால் முளைத்துக் காட்டும் அகார் தட்டுகளை அதே ஐந்து இடங்களில் அரை மணி நேரம் திறந்துவைத்து, ஒன்றிலும் எதுவும் முளைக்கவில்லை என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்கினோம்.

இன்னொன்று. பாட்டில் கெட்டால் உடனே கேபினட்டைத் திட்ட வேண்டாம். ஊடகத்தின் (பாட்டிலில் குருத்து வளரும் சத்துக் கலவை) மேல் ஆங்காங்கே பூஞ்சைப் புள்ளி எழுந்தால் காற்றையும் கையையும் சந்தேகப்படுங்கள். குருத்தின் அடியிலிருந்து மட்டும் பால்போலக் கலங்கல் பரவினால், அது தாய்க்கன்றுக்குள்ளேயே குடியிருந்த பாக்டீரியாவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லேமினாரும் அதைத் தடுக்காது.

மதுரை, மருத்துவ நுண்ணுயிரியல்:

தேனி நண்பர் சொன்னது வாழைக்குச் சரி. சளி, சீழ் போன்ற மாதிரிகளைக் கையாளுகிறவர்கள் தயவுசெய்து அதைப் பின்பற்ற வேண்டாம். கிடைமட்டக் காற்று மாதிரியைத் தொட்டு நேராக நம் முகத்துக்கு வருகிறது. மேலிருந்து இறங்கும் சாதாரண லேமினாரும் முன்பக்கமாகத்தான் காற்றை வெளியே தள்ளுகிறது. இரண்டுமே மாதிரியைக் காக்கும், ஆளைக் காக்காது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கொள்முதல் பட்டியலில் வெறும் 'லேமினார்' என்று எழுதப்போய், காசநோய்ச் சளி பார்க்கும் அறைக்குக் கிடைமட்டப் பெட்டி வந்து இறங்கிவிட்டது. துறைத்தலைவர் அம்மா அதில் ஒரு குப்பியைக்கூடத் திறக்க விடவில்லை. ஊடகம் ஊற்றும் அறைக்கு அதை அனுப்பிவிட்டு, இரண்டாம் வகுப்பு உயிர்ப்பாதுகாப்புக் கேபினட்டுக்கு மறுபடி விண்ணப்பித்தார். அது வரும்வரை மாதிரிகள் வேறு ஆய்வகத்துக்குப் போயின. அந்த வகைக் கேபினட்டில் முன்விளிம்புத் துளைகள் அறைக் காற்றை உள்ளிழுத்துக்கொள்ளும். வெளியேறும் காற்றும் ஹெப்பா வழியாகவே போகும். பட்டியலில் வகுப்பை எழுதுங்கள். அந்த ஒரு சொல் விட்டுப்போனால் ஆபத்து வேலை செய்கிறவருக்குத்தான்.

கோவை, காளான் வித்து உற்பத்தி:

கேபினட் நல்லதாக இருந்தும் காளான் வித்து வளர்க்கும் எங்கள் சோளப் பைகளில் பச்சைப் பூஞ்சை வந்துகொண்டே இருந்தது. மேடையின் முன்விளிம்பில் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தோம். புகை நேராக வெளியே வராமல் சுருண்டு உள்ளே திரும்பியது. எதிர்ச்சுவரிலிருந்த ஏசியின் காற்றுதான் காரணம். கதவும் ஏசியும் இல்லாத பக்கத்துக்குக் கேபினட்டை நகர்த்தியதும் கெட்டுப்போகும் பைகள் வெகுவாகக் குறைந்தன.

வாங்கும்போது அழுத்தமானி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். முள் வழக்கத்தைவிட ஏறினால் ஹெப்பா அடைபட்டு வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். முன்வடிகட்டியை நாமே கழற்றிக் கழுவலாம். ஹெப்பாவில் மட்டும் தண்ணீரோ ஆல்கஹாலோ படக் கூடாது.