மன்னிச்சவங்களை நேர்ல பார்த்த அனுபவம் – எழுதுங்க

எங்க ஊரு தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். எங்க அடுப்படியில பிடியரிசி டப்பா ஒண்ணு எப்பவும் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் அம்மா அளந்த அரிசியில இருந்து ஒரு கை எடுத்து அதுல போட்டுட்டுதான் மீதிய களைவாங்க, வீட்டுல அரிசி தட்டுப்பாடா இருந்தாலும் அந்த ஒரு பிடி மட்டும் குறையாது. கேட்டா "ஊழியத்துக்குப் போறது, சபை வேலைக்குக் குடுக்குற காணிக்கை, அதுல கை வைக்கக் கூடாது"ம்பாங்க. 1903-ல பாளையங்கோட்டையில, பின்னால பிஷப்பான அசரியா மாதிரி ஆளுங்க சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சு, தெலுங்கு நாட்டுல இருக்குற தோர்ணக்கல் பக்கம் ஊழியத்துக்கு ஆள் அனுப்புனாங்கல்ல, நம்ம ஜனங்க காணிக்கைய நம்பி செஞ்ச வேலை அது. இதெல்லாம் அம்மாவுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

அப்படி கொடுக்கிற அம்மா பெரியம்மாகிட்ட பேசுறது கிடையாது. அப்பா இறந்த பிறகு பனங்காட்டு பங்குல பெரிய ஏமாத்து நடந்துச்சு, எங்களுக்கு கிடைச்சது ஓரத்துல ஒரு துண்டுதான். ஒரே கோயில், ஒரே பந்தி, ஆனா இவங்க உக்கார்ற வரிசையில அவங்க உக்கார மாட்டாங்க.

ஒரு அசனத்தன்னைக்கு, அதான் கோயில்ல எல்லாருக்கும் விருந்து போடுற நாள், காலைல எங்க சபை ஐயர் (போதகர்) பைபிள்ல மத்தேயு 5:23, 24 எடுத்து பேசுனாரு. காணிக்கைய பலிபீடத்துல வச்சுட்டு, முதல்ல போயி சகோதரனோட ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்துன்னு வருமே அந்த வசனம். எத்தனையோ தடவ கேட்டதுதான். அன்னைக்கு அம்மா அரிசிப்பைய என் கையில குடுத்துட்டு, பெண்கள் பக்கம் தூண் ஓரமா நின்ன பெரியம்மாகிட்ட நேரா போயி "யக்கா, பந்திக்கு ஒண்ணா உக்காருவோம், வாங்க"ன்னாங்க. பெரியம்மா ஒண்ணுமே சொல்லல, முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. அப்புறம் கறிக்குழம்பு ஊத்த வந்த பையன்கிட்ட "இவளுக்கு கறி வை, எலும்பா வைக்காத"ன்னு அதட்டுனது மட்டும் காதுல விழுந்துச்சு. பனங்காடு திரும்பி வரல. அம்மா அத கேக்கவும் இல்ல, ஆனா "நடந்தது அநியாயம்"னு இன்னைக்கும் சொல்வாங்க. அநியாயத்த அநியாயம்னு சொல்லிக்கிட்டே மன்னிக்கிறத நான் அங்கதான் பார்த்தேன்.

* * *

மேல அம்மா-பெரியம்மா கதை எழுதுனவங்களே, அநியாயத்த அநியாயம்னு சொல்லிக்கிட்டே மன்னிக்கிறதுன்னு கடைசியா நீங்க சொன்னத எல்லா சபையிலயும் சொல்லணும். ஒடிசாவுல தொழுநோயாளிங்களுக்கு ஊழியம் செஞ்ச ஆஸ்திரேலிய மிஷனெரி கிரஹாம் ஸ்டெயின்ஸோட மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவ பாருங்க. 1999 ஜனவரி 22 ராத்திரி ஒடிசா மனோகர்பூர்ல வண்டிக்குள்ள தூங்கிட்டிருந்த கணவரையும் 10 வயசு பிலிப்பையும் 6 வயசு தீமோத்தேயுவையும் கொளுத்திட்டாங்க. அந்தம்மா மன்னிச்சேன்னு ஊரறிய சொன்னாங்க, பாரிபதாவுலயே தங்கி தொழுநோயாளிங்க வேலைய வருஷக்கணக்கா பார்த்தாங்க. கேஸ் அது பாட்டுக்கு நடந்துச்சு, 2011-ல சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனைய உறுதி பண்ணுச்சு. மன்னிப்பு வேற, சட்டம் வேறன்னு அவங்களுக்கு தெளிவா தெரிஞ்சிருந்துச்சு.

இத ஏன் சொல்றேன்னா, என் தங்கச்சிய குடிச்சுட்டு வந்து அடிச்ச புருஷன்கிட்டயே திரும்பி போன்னு ஜெபக்குழுவுல சொன்னாங்க, எத்தனை தடவையானாலும் மன்னிக்கச் சொல்ற "எழுபது தரம் ஏழு" வசனத்த காட்டி. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அடி வாங்குறவள இன்னும் அடி வாங்க அனுப்புறதுக்கா கர்த்தர் அத சொன்னாரு? இவ போகல. தையல் கடை வச்சு பிள்ளைய படிக்க வைக்கிறா. ஆனா அவரப் பத்தி ஒரு சாபம் அவ வாயில இருந்து வந்து நான் கேட்டதில்ல. இன்னொண்ணு, அவளோட மாமியாருக்கு சுகர் மாத்திரை வாங்க வழியில்லன்னு யாரோ சொல்ல கேட்டு மாசாமாசம் மருந்துக்கடைக்காரர்கிட்ட இவளே பணம் கட்டுறா, தன் பேர சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கா. அந்தம்மாவுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. போன கிறிஸ்துமஸுக்கு பேரனுக்கு ஒரு சட்டை எடுத்து அந்த மருந்துக்கடையிலயே குடுத்துட்டு போயிருக்காங்க, அளவு கொஞ்சம் பெருசு, தங்கச்சி மடிச்சு தச்சு போட்டு விட்டா.