பழைய புவேர் தேநீரும் குச்சின் இசையும்: சேர்த்து அனுபவிப்பது எப்படி?

கேள்வி

சிங்கப்பூரில் பழைய தேயிலை விற்கும் ஒரு கடையில், யுன்னான் மாகாணத்தின் புவேர் தேயிலைக் கட்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். தட்டு வடிவில் அழுத்திய, 357 கிராம் எடையுள்ள கட்டி. 2005இல் அழுத்திய ஷெங், அதாவது பச்சை வகை, என்று உறையில் குறித்திருக்கிறது. வீணை கேட்டு வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, சீனர்களின் ஏழு நரம்பு குச்சின் என்னை உடனே ஈர்த்துவிட்டது. இந்தத் தேநீரை அந்த இசையோடு அருந்த வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இசையில் மனம் சென்றால் தேயிலை அதிக நேரம் ஊறிக் கசந்துவிடுகிறது, தேநீரைக் கவனித்தால் இசை நழுவிவிடுகிறது. இரண்டையும் எப்படி இணைப்பது? அந்நாட்டு அறிஞர்கள் எப்படி இணைத்தார்கள்?

மறுமொழி 1

முதலில் தேநீரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அது சரியாக அமையாவிட்டால் எந்த இசையும் துணைக்கு வராது. உங்களிடம் இருப்பது ஷெங். 1973இல் குன்மிங் ஆலையில் உருவான, ஈரக் குவியலாக இட்டு விரைவாகப் புளிக்க வைக்கும் முறையில் செய்த ஷோ வகை அன்று. ஆண்டுக்கணக்கில் தானாகவே மெல்ல முதிர்ந்தது. கட்டியின் விளிம்பில் ஊசியைக் கிடையாகச் செருகி, அழுத்திய அடுக்கு போகும் போக்கிலேயே நெம்பி எடுங்கள். மேலிருந்து குத்தினால் இலைகள் நொறுங்கித் தூளாகும், அந்தத் தூள்தான் கசப்பை முதலில் இறக்கும். 120 மில்லி கொள்ளும் மூடியுள்ள பீங்கான் கிண்ணத்துக்கு 6 அல்லது 7 கிராம் போதும். நன்கு கொதித்த நீரை ஊற்றி உடனே வடித்துக் கொட்டிவிட்டு, அதன் பிறகு பத்து விநாடி மட்டும் ஊறவிட்டு வடித்தால், செம்பொன் நிறத்தில், பழைய மரப்பெட்டியும் கர்ப்பூரமும் கலந்தாற்போன்ற மணத்தோடு இறங்கும். விழுங்கிய பின் தொண்டையிலிருந்து எழும் இனிப்பைக் கவனியுங்கள். நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் குடித்தால் வருமே, அதே இனிப்பு. நல்ல தேயிலை பத்து வடிப்புக்கு மேலும் தாங்கும்.

மறுமொழி 2

அறிஞர்கள் எப்படி இணைத்தார்கள் என்ற கேள்விக்கு ஒரு மனிதரைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன். மிங் பேரரசை நிறுவிய ஹோங்வூவின் மகன்களில் ஒருவரான இளவரசர் ஜூ சுவான், தேநீரைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய அச்சுக் குச்சின் தொகுப்பான ஷென்ச்சி மீபுவை 1425இல் தொகுத்தவரும் அவரே. ஆகவே இவ்விரண்டும் ஒரே மேசையில் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மேசையில் இருந்தது உங்கள் தேநீர் அன்று. அவருடைய தந்தை 1391இல் அழுத்திய கட்டித் தேயிலையைத் திறையாகப் பெறுவதை நிறுத்தி, உதிரி இலையை அனுப்பச் செய்தார். இளவரசரோ தூளாக்கிய தேயிலையை வெந்நீரில் அடித்துக் கலக்கும் பழைய முறையை இன்னும் கைக்கொண்டிருந்தார். புவேரை வேண்டுமென்றே முதிரவைத்து, அதன் வயதுக்காகவே போற்றும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் ஹாங்காங்கிலும் தைவானிலும் வளர்ந்தது. இசை மிகப் பழையது, தேநீர் பழையது, இரண்டையும் சேர்க்கும் இந்த வழக்கம் புதியது. எனவே மரபு மீறிவிடுமோ என்ற தயக்கம் உங்களுக்குத் தேவையில்லை.

இசையைக் கேட்கும் முறைக்கு வருகிறேன். குச்சின் ஓர் அறைக்குள், இரண்டு மூன்று பேருக்காக வாசிக்கப்பட்ட வாத்தியம். அதன் ஒலி அளவே சிறியது. வீணையில் இருப்பதுபோல் விரல் வைக்கும் மெட்டுகள் அதற்கு இல்லை, பலகையில் பதித்த 13 சிப்பிப் புள்ளிகள்தாம் விரலுக்கு வழிகாட்டி. நரம்பை மீட்டிய பிறகு இடக்கை விரல் நெடுநேரம் வழுக்கிச் செல்லும், ஓசை ஏறத்தாழ அடங்கிய பின்னும் அந்த வழுக்கல் தொடரும். வீணையின் கமகத்துக்குப் பழகிய உங்கள் செவி அதை எளிதில் பற்றிக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை. ‘லியூ ஷுய்’, அதாவது ஓடும் நீர் என்ற உருப்படியிலிருந்து தொடங்குங்கள். குவான் பிங்ஹு வாசித்த அதன் பதிவு 1977இல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் ஏறிச் சென்றது. நேரம் ஏழரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். 1960களுக்குப் பிறகு எஃகுக் கம்பியின் மேல் நைலான் சுற்றிய நரம்புகள் பரவின. அவருடைய பதிவோ பட்டு நரம்பில் அமைந்தது. விரல் உரசும் ஓசையும் கேட்கும். அதைக் குறையாக எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம், வாசிப்பின் ஒரு பகுதியே அது.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் தொடக்கம் முதலே இசையை ஓடவிடுவதை நான் ஏற்கமாட்டேன். முதல் நான்கைந்து வடிப்புகளில் ஒவ்வொரு விநாடியும் கணக்கு. கெண்டியின் இரைச்சலும் கிண்ண மூடியின் கிணுகிணுப்பும் குச்சினின் மெல்லிய முடிவுகளை முழுவதும் மறைத்துவிடும். அந்த வடிப்புகளை இசையின்றி அருந்துங்கள். அதன் பிறகு தேநீரின் வேகம் தணிந்து மென்மை கூடும்போது, ஒரு வடிப்பைப் பரிமாறும் பாத்திரத்தில் முழுமையாக வடித்து வைத்துவிட்டு, கெண்டியை அணைத்துவிட்டு, இசையைத் தொடங்குங்கள். இலையில் நீர் தங்காததால் கசப்புக்கு இடமில்லை, கைக்கும் வேலை இல்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இலையில் நீரை நிறுத்தாமல் வடித்து வைக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடைசி வடிப்புகளுக்கும் இதே முறைதானா?

மறுமொழி 3

கடைசி வடிப்புகளுக்கு நேர்மாறாகச் செய்யலாம். பத்தாவதைக் கடந்தபின் இலை சாற்றை மெல்லத்தான் விடும், பல நிமிடங்கள் ஊறினாலும் கசக்காது. கொதிநீரை ஊற்றி மூடிவிட்டு ‘லியூ ஷுய்’ முழுவதையும் கேளுங்கள், முடிந்ததும் வடியுங்கள்.